‘இதைப் படியுங்கள்’ என்று சொல்வதன் பொறுப்பு

வாசகர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் புத்தகம் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறக்கட்டளைப் பொழிவு என்றதும் தொல்காப்பியத்தையோ கம்பனையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கனமில்லாத பொருளாகத் தோன்றலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அட்டைப்படம் போடுகிறார், பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நூல் அறிமுகமில்லாத வாசகரிடம் போய்ச் சேர இன்று எஞ்சியிருக்கும் வழிகளில் இது முக்கியமான ஒன்று. அதனால்தான் அங்கே நடப்பதைக் கொஞ்சம் கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்கிறேன். அட்டைப்படமும் நட்சத்திரக் குறியும் ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு நூலை இன்னொருவர் கைக்கு நகர்த்துவது அரிது. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்து, ஏன் சொல்கிறோம் என்று விளக்கி, மறுத்துக் கேட்டால் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கும் வாசகரே அதைச் செய்கிறார். பெரிய மொழிகளில் இந்த வேலையில் பாதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கையில் சிறிய நம் சமூகத்தில் அதைச் செய்ய வாசகரை விட்டால் ஆளில்லை.

தமிழில் இதுவரை சொல்லப்பட்ட புத்தகப் பரிந்துரைகளில் பெரும் விளைவைத் தந்தது எது என்று கேட்டால், 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போன கதையை எல்லோரும் அறிவோம். மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையும்கூட. அதைத் தமிழ்த் தொண்டின் தொடக்கமாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால், முதலியார் அன்று எப்படிப் பரிந்துரைத்தார் என்பது நம் கண்ணில் படுவதில்லை. அவர் எடுத்த எடுப்பில் சீவக சிந்தாமணியைச் சொல்லவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலில் விசாரித்தார். வந்தவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீளமாக அடுக்கினார். முழுவதையும் கேட்ட பிறகே அந்த அடுக்கில் இல்லாததை முதலியார் சுட்டினார். சுட்டியதோடு விடவுமில்லை, சிந்தாமணியின் பிரதியைக் கையில் கிடைக்கச் செய்தார், பிறகு கூடவே உட்கார்ந்து படித்தார், பேசினார். சிந்தாமணி அச்சேறியது 1887இல். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம் அதன் பின்னே வந்தவை. (அதே 1887இல் சி.கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார் என்பது தற்செயல்தான். ஆனாலும் இந்த ஊரில் நின்று சொல்லும்போது அதை விட்டுவிட மனமில்லை.) கேட்பவரின் வாசிப்பை அறிந்துகொண்டு சொன்னதும், நூலைக் கைக்கு எட்ட வைத்ததும், சொன்ன பிறகும் பேச்சைத் தொடர்ந்ததும் சேர்ந்துதான் அந்தப் பரிந்துரை பலித்தது. நம் காலத்துப் பகிர்வை இந்த அளவையில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில், ஏன் இணையம்? நேரில் பேசிக்கொண்டால் ஆகாதா? இதற்குச் சிங்கப்பூரின் குடியிருப்பு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. சிராங்கூன் சாலை, தஞ்சோங் பகார், செம்பவாங் கடற்படைத் தளம் என்று தமிழர்கள் திரளாக வாழ்ந்த இடங்கள் ஒரு காலத்தில் இருந்தன. அங்கே ஒருவர் வாங்கிய பத்திரிகையைப் பலர் படித்தார்கள். படித்ததைச் சங்கக் கட்டடத்திலும் தேநீர்க் கடையிலும் பேசினார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தத் திரள் தீவு முழுக்கப் பரவியது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. நாட்டின் ஒற்றுமைக்கு அது தேவை என்ற வாதத்தோடு எனக்குச் சண்டையில்லை. அதன் பக்கவிளைவாகத் தமிழ் வாசகருக்குப் பக்கத்து வீட்டில் தமிழ் வாசகர் வாய்ப்பது அபூர்வமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். பிடோக் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் அங்கே பொது நூலகம் இருக்கிறது. 2017இல் அது ஹார்ட்பீட் பிடோக் கட்டடத்துக்கு மாறியது. ஒரே கூரையின்கீழ் சமூக மன்றம், விளையாட்டு வளாகம், பலதுறை மருந்தகம், நூலகம் எல்லாம் உண்டு. நான்கு மொழி நூல்களும் உண்டு. தமிழ் அலமாரியில் ஒரு நாவலை எடுத்துப் புரட்டும் பெண்மணிக்கும், அதே நாவலைச் சென்ற மாதம் படித்துத் திருப்பிய ஜூரோங்வாசிக்கும் ஒருவரையொருவர் தெரிய வழியில்லை. சந்திக்க இயலாத இந்த இருவருக்கும் நடுவே இருக்கும் தெருவாகத்தான் இணையத்தைக் கருதுகிறேன்.

எழுத்தின் வழியே ரசனையைப் பகிரும் வழக்கம் இங்கே புதிதும் அன்று. 1950இல் கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்தியது. அதையடுத்து கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரிலிருந்து ‘ரசனை வகுப்பு’ நடத்தியது. பெயரில் வகுப்பு என்று இருந்தாலும் அது நாளிதழ்ப் பக்கத்தில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் பகலில் வேறு வேலை பார்த்த இளைஞர்கள். எதை நல்ல எழுத்து என்கிறோம், ஏன் என்கிறோம் என்பதை அச்சில், பெயரோடு எழுதிப் பழகிய தலைமுறை அது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பி. கிருஷ்ணன் தன் புனைபெயரையே ‘புதுமைதாசன்’ என்று வைத்துக்கொண்டார். புதுமைப்பித்தனை ஊருக்குச் சிபாரிசு செய்ய இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது. பிற்காலத்தில் வானொலியில் ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவந்ததும், ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை மொழிபெயர்த்ததும் அதே கையின் வேலை. 1970களின் பிற்பகுதியில் நா. கோவிந்தசாமி ‘இலக்கியக் களம்’ என்ற அமைப்பின் வழியே உள்ளூர்ச் சிறுகதைகளை விவாதித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்தார். எழுதியவரும் குறை சொல்பவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு செய்த வேலை அது என்பதைக் கவனிக்க வேண்டும். இதே கோவிந்தசாமிதான் தமிழைக் கணினிக்கும் இணையத்துக்கும் கொண்டுசெல்லப் பாடுபட்ட முன்னோடி. 1995 அக்டோபரில், அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் சிங்கப்பூர்க் கவிஞர்களின் தமிழ்க் கவிதைகள் இடம்பெற்றன. தமிழ் இணையத்தில் ஏறிய தொடக்கப் பக்கங்களில் அதுவும் ஒன்று. விலைப்பட்டியலோ செய்தியறிக்கையோ அந்தத் தளத்தில் ஏறவில்லை. ‘எங்கள் கவிதைகளில் இவற்றைப் படியுங்கள்’ என்று யாரோ பொறுக்கி எடுத்த தொகை ஏறியது. இரண்டாண்டுக்கு மேல் கழித்து, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தன்னார்வலர்கள் தாங்கள் விரும்பிய நூல்களைத் தட்டச்சு செய்துதான் பொதுவில் வைத்தார்கள். ஒரு நூலை முழுக்கத் தட்டச்சு செய்வதைவிட அழுத்தமாக அதை யாரும் பரிந்துரைத்துவிட முடியாது.

இன்றைய நிலை என்ன? நமக்குப் பரிந்துரைப்பவற்றில் பெரும்பங்கு இயந்திரங்கள். இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று சொல்லும் முறையை 1990களின் இறுதியில் அமேசான் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு வேலை செய்ய ஒரே நூலைப் பலரும், அந்தப் பலரில் பலர் இன்னொரு நூலையும் வாங்கியிருக்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அதில் நூல் வாசிப்போர் ஒரு பகுதி. உள்ளூர் நூல் வாசிப்போர் அதிலும் ஒரு பகுதி. சில நூறு படிகள் அச்சாகும் சிங்கப்பூர்ச் சிறுகதைத் தொகுப்புக்கு எந்தக் கணக்கும் துணை தேடித் தராது. கிண்டிலில் தமிழ் வந்ததே 2016 டிசம்பரில்தான். குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் ஒரே தமிழ் நாவல் தமிழ் எழுத்தில் ஒரு முறையும், ரோமன் எழுத்தில் பல எழுத்துக்கூட்டல்களிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் இருக்கும் சொற்ப மதிப்பீடுகளும் ஓரிடத்தில் சேர்வதில்லை. இயந்திரத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது எண்ணிக்கையில் வாழ்வது. நம்மிடம் எண்ணிக்கை இல்லை.

எண்ணிக்கை இருந்தாலும் சிக்கல் தீராது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள்; 14,000க்கும் அதிகமான கேட்போர். சிலருக்குப் பாடல்களின் பெயர் மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்கள் எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு உலகத்தவருக்கும் தங்கள் உலகில் முன்னே வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணும் காட்டப்பட்டது. எண் காட்டிய உலகங்களில் வெற்றி பெற்றவை மிக அதிகமாக வெற்றி பெற்றன. ஆனால் எது வெற்றி பெறும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்லவை அடியோடு தோற்பதும் மிக மோசமானவை முன்னுக்கு வருவதும் அரிதாக இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடந்தது. நம் குழுக்களில் ‘எல்லோரும் படிக்கிறார்கள்’ என்ற ஒன்றே காரணமாக நூல்கள் சுற்றிவருவதைப் பார்க்கும்போது இந்தப் பரிசோதனையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் எந்தப் பட்டியலிலும் முதல் இடத்துக்கு வருகிறது. அது அந்த நாவலின் குற்றமில்லை. அதைப் படித்து முடித்தவருக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று யாரும் மெனக்கெட்டு யோசிப்பதில்லை என்பதே குறை. எண் கூட்டத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தோடு சொன்னால் கேட்பவர் ஏற்கவோ மறுக்கவோ இடமிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காரணம் சொல்பவர் மெல்ல மெல்ல அதிகாரம் செய்பவராகிவிட மாட்டாரா? தமிழில் இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. க.நா. சுப்ரமண்யம் போட்ட எழுத்தாளர் பட்டியல்கள் கிளப்பிய சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்க இவர் யார் என்ற கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ கட்டுரைகளை அந்தப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரைக்கு ஒரு நூல். அதில் என்ன இருக்கிறது, தனக்கு ஏன் பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று நிதானமாகச் சொல்கிறார். அவர் தீர்ப்போடு உடன்படாதவரும் அந்தக் கட்டுரை வழியே நூலைத் தேடிப் போக முடியும். உடன்படாமல் போனதற்கான காரணத்தையும் அதிலிருந்தே எடுக்க முடியும். பட்டியலோடு அப்படி வாதாட இயலாது. பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். அதிகாரம் வந்து உட்காருவது காரணம் சொல்லாத இடத்தில் என்றே நினைக்கிறேன். இணையத்தில் ‘சாகும் முன் படிக்க வேண்டிய நூறு’ என்று வரும் வரிசைகளை இந்தக் காரணத்தால்தான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். நூலுக்கு இரண்டு வரி கூட இல்லாத வரிசையைப் போட்டவர் நூறையும் படித்தாரா என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் எல்லோரும் பேசாமல் இருக்கிறோம்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது, சிங்கப்பூருக்கென்றே உரியது. இங்கே எழுதுபவரும் படிப்பவரும் வெளியிடுபவரும் பாராட்டுபவரும் ஒரே முந்நூறு பேர். ஒரு வெளியீட்டு விழாவில் மாலை போட்டவருக்கு அடுத்த விழாவில் மாலை விழும். இந்த ஊரில் பொறுப்பான பரிந்துரையை எதிர்பார்ப்பது பகற்கனவு என்பார்கள். முந்நூறு என்பது கோபத்தில் சொல்லும் எண்தான், ஆனாலும் அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நண்பரின் நூலுக்கு நண்பர் எழுதும் மூன்று வரிப் புகழ்ச்சியால் கெடுவது அந்த நூல் மட்டுமன்று. அதை நம்பி எடுத்து ஏமாந்த வாசகர் அடுத்த நல்ல உள்ளூர் நூலையும் தொடமாட்டார். இதற்கு மருந்தாக முகம் தெரியாத, பெயரில்லாத மதிப்பீட்டைச் சிலர் முன்வைக்கிறார்கள். பெயரை மறைத்தால் துணிவு வரும் என்பது உண்மை. பொறுப்பு போய்விடும் என்பதும் உண்மை. சிறிய ஊரில் பெயரில்லாக் கடிதம் யாருடையது என்று ஒரே வாரத்தில் தெரிந்தும்விடும். எனக்குச் சரியாகப் படும் வழி எளியது. எழுதியவர் நண்பர் என்றால் நண்பர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். தொகுப்பில் பன்னிரண்டு கதை இருந்து மூன்றுதான் தேறும் என்றால் அந்த மூன்றின் பெயரைச் சொல்லலாம். மற்ற ஒன்பதைப் பற்றிய மௌனத்தை எழுதியவர் புரிந்துகொள்வார், வாசகரும் புரிந்துகொள்வார். இலக்கியக் களத்தில் இருந்தவர்கள் இதைவிடக் கடுமையாகப் பேசிவிட்டு மறுநாள் அதே பேருந்தில் ஏறியிருப்பார்கள். ஊர் சிறியது என்பது காரணமாக இருந்தால் அன்றும் அது நடந்திருக்கக் கூடாது.

இளையோரைப் பற்றிய கவலையும் இதனோடு வந்து சேரும். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் தாய்மொழிப் பாடமாக மட்டும் தமிழ். இவர்களுக்கு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் எடுபடுமா என்ற ஐயம். நிறுவனங்கள் முயலாமல் இல்லை. 1998இல் சியாட்டல் நூலகர் நான்சி பெர்ல் தொடங்கிய, ஊர் முழுக்க ஒரே நூலைப் படிக்கும் முயற்சி உலகெங்கும் பரவியது. அதன் சாயலில் தேசிய நூலக வாரியம் 2005இல் ‘ரீட்! சிங்கப்பூர்’ இயக்கத்தை நான்கு மொழிகளிலும் நடத்தத் தொடங்கியது. ஏப்ரல்தோறும் தமிழ் மொழி விழா நடக்கிறது. நல்ல முயற்சிகள். ஆனால் நிறுவனம் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருப்பதால் யாரையும் உறுத்தாத நூலைத்தான் எடுக்கும். பதினெட்டு வயதுப் பையனிடம் நீ ஆங்கிலத்தில் என்ன படிக்கிறாய் என்று அதனால் கேட்க முடியாது. குழுவில் இருக்கும் மூத்த வாசகரால் முடியும். அவன் துப்பறியும் கதை படிப்பவன் என்றால் சுஜாதாவில் தொடங்கலாம். ஆர்வெல் படிப்பவன் என்றால் அவன் ஏற்கெனவே படித்த கதையையே ‘விலங்குப் பண்ணை’யாகத் தமிழில் கொடுக்கலாம். கதை தெரிந்திருப்பதால் மொழி அவனைப் பயமுறுத்தாது. அவன் ஆங்கிலத்திலோ ஆங்கிலம் கலந்த தமிழிலோ கருத்துச் சொன்னால் சொல்லட்டும். ஒற்றுப்பிழையைத் திருத்தப் புகுந்த இடத்தில் பேச்சு நின்றுபோவதை எத்தனையோ குழுக்களில் காணலாம். முதலியார் வந்தவரின் பட்டியலைக் கேட்டாரே தவிர, அதைப் படித்தவரை விரட்டிவிடவில்லை.

கடைசியாக, நூல் கைக்கு எட்டுவது. ‘நன்றாக இருக்கிறது, எங்கே கிடைக்கும்?’ என்ற கேள்விக்குப் பதில் வராமலே பல உரையாடல்கள் முடிகின்றன. சென்னையிலிருந்து வரவழைப்பது எப்படி என்பதில்தான் பேச்சு போகிறது. பொது நூலகத்தின் அட்டவணையைக் கைப்பேசியில் தேட அரை நிமிடம் போதும். எந்தக் கிளையில் படி இருக்கிறது என்று அதுவே சொல்லும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து 2015இல் மின்வடிவாக்கினார்கள். ‘தமிழ் முரசின்’ பழைய இதழ்களும் வாரியத்தின் மின் செய்தித்தாள் தொகுப்பில் இருக்கின்றன. இரவல் வாங்கியே படித்தால் எழுத்தாளருக்கு என்ன மிஞ்சும் என்று பதிப்பாளர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சில நூறு படிகளில் வீட்டு அலமாரிக்குள் கட்டோடு கிடக்கும் நூலால் எழுத்தாளருக்கு எதுவும் மிஞ்சவில்லை என்பது ஒரு பதில். பொது நூலகங்களில் யாரும் எடுக்காத நூல் நெடுநாள் அலமாரியில் தங்காது என்பதும், பலர் எடுப்பதுதான் அடுத்த நூலை வாங்கவைக்கும் என்பதும் இன்னொரு பதில். ஆகவே அட்டைப்படத்தின் கீழே நூலகக் கிளையின் பெயரையும், முதலில் படிக்க வேண்டிய கதையின் பக்க எண்ணையும், அதைத் தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டு வரியிலும் எழுதினால் போதும். படித்துவிட்டு ஒருவர் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று திரும்பி வந்தால், அவருக்குச் சிரிப்புக் குறி ஒன்றை அனுப்பிவிட்டு நகராமல் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று கேட்க வேண்டும்.